சாம்பிள் சுக்கைக் குடித்தது யார்?

என் அண்ணன் கணேசன் பொய் சொல்கிறான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு எழுபது தாண்டிவிட்டது, பேரன் காலேஜ் படிக்கிறான். இருந்தாலும் இந்த வாரம் அவனை 'அவர்' என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு வாரா வாரம் இந்தத் தொடரைப் படிப்பான். படித்ததும் எனக்குப் போன் பண்ணுவான். அந்தப் போட் அந்தத் துறையில் நிற்காது, அந்தத் தெருவில் அப்போது குழாய் வரவில்லை என்று தப்பு கண்டுபிடிப்பான். போன வாரம் பேசியபோது, "எல்லாம் எழுதறே, அப்பாவோட சாம்பிள் சுக்கை நீ காப்பி போட்டுக் குடிச்ச கதையை மட்டும் எழுதலையே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

எழுதுகிறேன். படித்துக்கொள்ளட்டும்.

மூன்று பைகள்

எழுபதுகளின் கடைசி, நல்ல மழைக்காலம். கொச்சி மட்டாஞ்சேரியில் ஏற்றுமதிக்காரர் சேட்டுவின் கிடங்கு. உள்ளே மிளகும் சுக்கும் ஈரச் சாக்கும் கலந்த நெடி, மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்திருந்தார்கள். அதன்மேல் மூன்று சின்னத் துணிப் பைகள். மூன்றின் வாயையும் சணலால் கட்டி, சிவப்பு அரக்கு வைத்து முத்திரை குத்தியிருந்தது.

என் அப்பா சுப்பையா சுக்குத் தரகர். மலைப்பக்கத்து விவசாயிகளின் சுக்கை மட்டாஞ்சேரி ஏற்றுமதிக்காரர்களுக்கு முடித்துக் கொடுப்பார். பேரம் முடிந்ததும் சரக்கில் சாம்பிள் எடுத்து மூன்று பைகளில் பிரிப்பார்கள். விற்பவருக்கு ஒன்று, வாங்குபவருக்கு ஒன்று, தரகருக்கு ஒன்று. மூவரும் பார்க்க அரக்கு வைப்பார்கள். சரக்கு வந்து இறங்கிய பிறகு, 'நான் பார்த்தது இது இல்லை' என்று யாராவது சொன்னால், மூன்று பைகளையும் ஒரே இடத்தில் வைத்துத் திறந்து சரக்கோடு ஒப்பிட வேண்டும். அதுவரை யாரும் தொடக்கூடாது. இதற்கு எழுதிவைத்த சட்டம் கிடையாது. ஆனால் பையைத் தொட்ட தரகரை அப்புறம் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

அந்தத் தடவை குறை சொன்னவர் சேட்டு. மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் குஜராத்திக்காரர். சாம்பிளில் பார்த்த பருமன் வந்து இறங்கிய சுக்கில் இல்லை என்றார். விற்றவர் தொடுபுழைப் பக்கத்து விவசாயி வர்க்கிச் சேட்டன். மழையில் நனைந்துகொண்டே பஸ் பிடித்து வந்திருந்தார். குடையை மடக்காமல் கிடங்குக்குள்ளேயே பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவு கோபம்.

எங்கள் பையை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனவள் நான். அது அப்பாவின் மரப்பெட்டியில் இருந்தது. பெட்டிச் சாவி என்னிடம் இருந்தது. குளிக்கப் போகும்போது மட்டும் அதைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுவேன்.

பையைக் கொடுத்துவிட்டு நான் திரும்பியிருக்கலாம். வாசலிலேயே நின்றேன். காரணம் உண்டு. மறுநாள் கழித்துத் திங்கட்கிழமை நான் ஐலண்டில் வேலைக்குச் சேர வேண்டும். மட்டாஞ்சேரியிலிருந்து போட்டில் போனால் பத்து நிமிஷத்தில் வந்துவிடும் வெலிங்டன் ஐலண்டைத்தான் நாங்கள் ஐலண்டு என்போம். அங்கே தேயிலை ஏலம் நடக்கும். ஒரு தேயிலைத் தரகு ஆபீசில், சாம்பிள் ரூமில் வேலை. எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் போட் ஏறி வேலைக்குப் போனதில்லை. நான்கு மாதம் அப்பாவோடு சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து, பாதி மனசாகச் சம்மதம் வாங்கியிருந்தேன். இந்தத் தகராறு நல்லபடி முடிந்தால்தான் அவருடைய மீதி மனசும் வரும்.

முதலில் எங்கள் பை. அப்பா அரக்கை உடைத்து வேட்டியில் கொட்டினார்.

வெள்ளைவெளேர் என்று விழுந்தது.

பேரம் பேசிய சுக்கு, தோல் சீவி வெயிலில் காயப்போட்ட பழுப்புச் சுக்கு. பையிலிருந்து வந்தது சுண்ணாம்பு நீரில் முக்கிய வெள்ளைச் சுக்கு. எந்தப் பலசரக்குக் கடையிலும் கிடைப்பது.

சேட்டு குனிந்து பார்த்தார். "எந்தா சுப்பையாபாய், சுக்குக்கு நரை வந்நோ?"

யாரும் சிரிக்கவில்லை. அப்பா பையைத் திருப்பினார். வாய் அப்படியே இருந்தது. அடித்தையலைப் பிரித்து மறுபடி கறுப்பு நூலால் தைத்திருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீயாடி?"

"நான் இல்லப்பா."

"சாவி ஆரு கையிலடி இருந்தது?"

பத்துப் பேர் நடுவில் கேட்டார்.

ஊர் முழுக்க ஒரே சொல்

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். எங்கள் ஊரில் இந்தச் சாம்பிள் என்ற சொல் படுத்திய பாட்டைச் சொல்லாவிட்டால், அப்பா அன்று ராத்திரி செய்த காரியம் உங்களுக்குப் புரியாது.

தமிழில் 'மாதிரி' என்று ஒரு சொல் சும்மாதான் கிடந்தது. மட்டாஞ்சேரித் தமிழர்கள் அதைத் தொடவே இல்லை. தமிழன், மலையாளி, குஜராத்தி, கொங்கணி எல்லாருக்கும் சாம்பிள்தான். ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதத் தெரியாத, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர் ஒரு நாளைக்கு முப்பது தடவை அந்தச் சொல்லைச் சொல்வார்.

மிளகுச் சாம்பிள் என்றால் குத்தூசியைச் சாக்கில் செருகி எடுப்பது. சுக்குக்கு அது சரிப்படாது, சாக்கை அவிழ்த்துக் கொட்ட வேண்டும். எதுவானாலும் மேலே கொஞ்சம், நடுவில் கொஞ்சம், அடியில் கொஞ்சம் எடுக்க வேண்டும். மேலே மட்டும் எடுப்பவன் முட்டாள், இல்லை கூட்டுக்கள்ளன்.

டாக்டர் வீட்டுச் சாம்பிள் வேறு. கம்பெனிக்காரர் சும்மா கொடுத்துவிட்டுப் போகும் டானிக். எங்கள் தெரு டாக்டருக்கு அதில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த நோய்க்கு வந்தாலும், மேஜையில் என்ன சாம்பிள் இருக்கிறதோ அதைக் கொடுப்பார். கால் சுளுக்கிப் போன என் அம்மா பசி எடுக்கிற டானிக்கோடு வந்தாள். ஒரு மாதம் அம்மா சாப்பிட்ட சாப்பாடு! கால் தானாகச் சரியானது.

"சாம்பிள் எடுக்க வர்றாங்க" என்று ஒரு குரல் கேட்டால் கடைத்தெருவே மாறிவிடும். சுகாதார இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று அர்த்தம். சாயாக்கடைக்காரர் பால் பாத்திரத்தோடு பின்வாசல் வழியாக ஓடுவார். எண்ணெய்க் கடையில் திடீரென்று யாருக்கோ சாவு நேர்ந்து கதவு சாத்திவிடுவார்கள். இன்ஸ்பெக்டர் பாவம், நடந்து களைத்துப் போய் ஒரு சாயா கேட்டாலும் கிடைக்காது.

கோயில் திருவிழாவுக்கு முன்னால் சாம்பிள் வெடிக்கட்டு. அதைப் பார்த்துவிட்டு வந்து, இந்த வருஷம் வெடி போதாது என்று ஒரு வாரம் சண்டை. துணிக்கடைச் சாம்பிள் துண்டுகளை எங்கள் அம்மா சேர்த்துச் சேர்த்துத் தலையணை உறை தைப்பாள். நான் தலை வைத்துப் படுத்தது ஏழு கோட்டுத் துணியின் மேல். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவரிடம் "சாம்பிள் எப்படி?" என்று கூச்சமில்லாமல் கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சின்னப் பாட்டிலை நீட்டி அதே சொல்லைச் சொல்வாள்.

அப்பா கையை ஓங்கினால் சொல்வதும் அதுதான். "ஒரு சாம்பிள் காட்டட்டுமா?" காட்டியது கிடையாது. அவர் எங்களை ஒரு தடவையும் அடித்ததில்லை. சரக்கு இல்லாமல் சாம்பிள் மட்டும் பேசிய ஒரே இடம் அது.

மற்ற எல்லாவற்றிலும் அவருக்கு ஒரே கொள்கை. வாயால் சொல்வதை நம்பாதே, கையில் வாங்கிப் பார். முருங்கைக்காய்க்காரியிடம் ஒன்றை ஒடித்துப் பார்ப்பார். எனக்கு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்க வந்த டீச்சரை, முதலில் ஒரு பக்கம் அடித்துக் காட்டச் சொன்னார். அந்த அம்மாள் மறு வாரம் வரவில்லை.

மற்ற இரண்டு பைகள்

மறுபடி கிடங்குக்கு வருகிறேன். அப்பாவின் தலை குனிந்திருந்தது. அவ்வளவுதான், இனி இந்தத் தெருவில் அவரை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. என் வேலையும் போட்டில் ஏறிப் போய்விட்டது.

"எண்டெ பை பொட்டிக்காம்" என்றார் சேட்டு. குரலில் ஜெயித்தவனின் தாராளம். அரக்கை உடைத்தார். கொட்டினார்.

பழுப்புதான். ஆனால் ஒவ்வொரு துண்டும் சுண்டுவிரல் நுனி அளவு. அதில் பாதி பூச்சி அரித்தது. ஒரு துண்டை விரலில் பிடித்ததும் மாவாக உதிர்ந்தது.

சேட்டு பையைத் திருப்பினார். அதன் அடித்தையலும் பிரித்துத் தைத்ததுதான். பச்சை நூல்.

நூலை விரலால் நெருடிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இது எண்டெ பார்யேடெ நூலா" என்றார். மனைவியின் தையல் பெட்டி நூலை அடையாளம் தெரிந்துவிட்டது மனுஷனுக்கு. அந்த வாரம் அவர் வீட்டில் ஏழு பேருக்கு ஜலதோஷம்.

இப்போது எல்லாரும் வர்க்கிச் சேட்டனைப் பார்த்தார்கள். அவர் குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார்.

"எண்டெது நோக்கண்ட ஆவஸ்யமில்லா" என்றார். தன் பையைப் பார்க்கத் தேவையில்லையாம்.

"அது கொள்ளாம்! பொட்டிக்கு சேட்டா!" என்று சுமட்டுக்காரர்கள் கத்தினார்கள்.

திறந்தார்கள். மேலே நாலைந்து துண்டு அசல் சுக்கு. அப்புறம் மஞ்சள். கிழங்கு மஞ்சள், நல்ல உருண்டை உருண்டையாக. எடை சரியாக இருக்கட்டும் என்று வீட்டில் யாரோ போட்டு நிரப்பியிருக்கிறார்கள்.

"பெண்ணு பெத்துக் கெடக்குகயல்லே" என்று வர்க்கிச் சேட்டன் முனகினார். மகளுக்குப் பிரசவம். சுக்கு அரைத்துக் கொடுத்துவிட்டார்கள். "வீட்டில் சுக்கு தீர்ந்நு."

"நூறு சாக்கு சுக்கு விற்றவன் வீட்டில் சுக்கு தீர்ந்நு!" என்று ஒரு சுமட்டுக்காரர் சொல்லிவிட்டுச் சாக்கின் மேலேயே விழுந்து சிரித்தார். அவ்வளவுதான். கிடங்கு முழுக்கச் சிரிப்பு. சேட்டு சிரித்துச் சிரித்துத் தும்மினார். அவர் தும்ம, அப்பா தும்ம, வர்க்கிச் சேட்டன் கடைசியில் குடையை மடக்கினார். வேட்டியின் மேல் வெள்ளை, பழுப்பு, மஞ்சள் என்று மூன்று குவியல். ஒருவருக்கும் இன்னொருவரைக் கேட்க வாய் இல்லை.

பிறகு சாக்குகளைக் கொட்டிப் புதிதாகச் சாம்பிள் எடுத்தார்கள். மேலே, நடுவில், அடியில். சேட்டு ஒரு துண்டை ஒடித்தார். நார் குறைவு, வாசனை கிடங்கின் நெடியையும் மீறி எழுந்தது. பருமன் குறைந்திருக்கிறது என்று யார் சொன்னார்கள் என்பதையே அவர் மறந்துவிட்டார். "நல்ல சாதனம்" என்றார், நல்ல சரக்கு என்று. எல்லாருக்கும் சாயா வந்தது. சுக்கு போடாத சாயா.

ஊசியும் நூலும்

அப்பாவின் பெயர் தப்பியது. எனக்குத்தான் விசாரணை பாக்கி.

மூன்று வீட்டிலும் ஒரு குற்றவாளி தேவைப்பட்டார். சேட்டுவின் மனைவி தானே ஒப்புக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தாராம். வர்க்கிச் சேட்டன் வீட்டில் பிறந்த குழந்தையின் மேல் போட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் நான்.

சாப்பிடும்போது அப்பா சொன்னார். "ஒரு சாம்பிளை வீட்டுல பத்திரமா வைக்கத் தெரியலை. ஐலண்டுல ஆயிரம் சாம்பிளை இவகிட்ட எப்படிக் கொடுப்பான்? திங்கக்கிழமை போக வேண்டாம்."

"நான் எடுக்கலை. எத்தனை தடவை சொல்றது?"

பக்கத்தில் கணேசன் உட்கார்ந்திருந்தான். மீன்குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல், "அவளுக்குத்தானே அப்பா ஜலதோஷம் இருந்தது?" என்றான்.

இருந்தது. ஊரில் எல்லாருக்கும் இருந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இன்று வரை அவனை நான் மன்னிக்கவில்லை.

நான் எச்சில் கையோடு எழுந்து போய் அந்தப் பையை எடுத்து வந்து அப்பா முன்னால் போட்டேன். "இதைப் பாருங்க. தையலைப் பாருங்க. நான் தைச்சதா இது?"

தையல் பொடிப்பொடியாக, ஒரே அளவாக, நேர்கோடு போட்ட மாதிரி இருந்தது. அம்மா விளக்குப் பக்கம் பிடித்துப் பார்த்தாள். "இவ தைச்சா இப்படி இருக்காது. இது மனுஷங்க தைச்சது" என்றாள். ஆதரவா, அவமானமா என்று யோசிக்க எனக்கு நேரம் இல்லை.

அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். முகம் தரகர் முகமாகிவிட்டது. "சாம்பிள் காட்டு" என்றார்.

பழைய வேட்டித் துண்டும் ஊசியும் கறுப்பு நூலும் வந்தன. நூலைக் கோக்கவே எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு ஜான் தைத்தேன். விரலில் இரண்டு தடவை குத்திக்கொண்டேன். முடித்துத் தூக்கியபோது துணி என் பாவாடையோடு சேர்ந்து வந்தது. இரண்டையும் சேர்த்துத் தைத்திருந்தேன்.

அப்பா அதைப் பையின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். சும்மா இல்லை, நிஜமாகவே ஒப்பிட்டார். மேலே பார்த்தார், நடுவில் பார்த்தார், அடியில் பார்த்தார். பிறகு பொட்டென்று சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"இது வேற சரக்கு" என்றார். "திங்கக்கிழமை எத்தனை மணிக்கு போட்?"

நான் இன்னொன்றும் சொன்னேன். "நான் திருடியிருந்தா சரியான சுக்கை வைச்சிருப்பேன். பழுப்பு எது, வெள்ளை எதுன்னு தெரியாதவளா நான்?"

அப்பா தலையாட்டினார். அது அவருக்கு இன்னும் பெரிய சாட்சியாகப் பட்டது.

ஆனால் ஒன்றை அவர் செய்யவில்லை. கணேசனிடம் ஊசியைக் கொடுக்கவில்லை. "போகட்டும் விடு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மகளுக்கு ஒரு நியாயம், மகனுக்கு ஒரு நியாயம். என் அப்பா நல்லவர். இதில் மட்டும் அவர் செய்தது தப்பு. அவர் இருந்தபோதே முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன்.

துப்புகிற வேலை

திங்கட்கிழமை போட் ஏறினேன். எண்பதுகளில் கல்யாணம் ஆகி, இரண்டு குழந்தை பெற்று, அப்போதும் அதே போட். சாம்பிள் ரூமைப் போல ஒரு இடத்தை நான் பிறகு பார்க்கவில்லை. நீளமான மேஜையில் வரிசையாக வெள்ளைக் கிண்ணங்கள். ருசி பார்ப்பவர் ஒரு கரண்டி எடுத்து, பெரிய சத்தத்தோடு உறிஞ்சி, வாயில் உருட்டி, பக்கத்துத் தொட்டியில் துப்புவார். கோட்டு போட்ட பெரிய மனுஷர்கள் நாள் முழுக்கத் துப்பிக்கொண்டே போவதைப் பார்த்து முதல் வாரம் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

ஏலம் முடிந்த சாம்பிள்களில் மிஞ்சியதை ஒரே டின்னில் கொட்டுவார்கள். மூணாறு, நீலகிரி, வயநாடு எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அதில் ஊழியர்களுக்கு ஒரு பொட்டலம் உண்டு. அந்தக் கலவைச் சாயாவுக்கு ஈடாக ஒன்றை எந்தக் கடையிலும் நான் குடித்ததில்லை. அப்பா அதற்காகவே சாயங்காலம் போட்டுத்துறையில் வந்து நிற்பார். "எங்கடி சாம்பிள்?" என்பார், என்னைப் பார்த்ததும்.

பத்தொன்பது வருஷம் அங்கே வேலை பார்த்தேன். ஒரு பை குறைந்ததில்லை.

கோல்கீப்பர் சொன்னது

இத்தனை சந்தோஷமாக முடிந்த பிறகு ஏன் கத்துகிறாய் என்று கேட்பீர்கள். வீட்டு விசேஷம் ஒவ்வொன்றிலும் கணேசன் இந்தக் கதையைச் சொல்வதால்தான். அவன் கதையில் சுக்கைக் குடித்தவள் நான். ஊசி நூல் விஷயமே அதில் வராது. என் பேத்திகூட என்னை 'சுக்குக் காப்பிப் பாட்டி' என்று கூப்பிடுகிறாள்.

போன மாதம் கொச்சிக்குப் போயிருந்தேன். போட்டுத்துறையில் ஒரு வயசான மனுஷர் என்னை உற்றுப் பார்த்து, "கணேசண்டெ பெங்ஙளல்லே?" என்றார், கணேசனின் தங்கைதானே என்று. ஜோசி. எழுபதுகளில் கணேசன் ஆடிய கால்பந்து டீமின் கோல்கீப்பர். பழைய கதை பேசினோம். கணேசன்தான் டீமுக்கே பனியனில் நம்பர் தைத்துக் கொடுப்பானாம். "மிஷினில் அடிச்ச மாதிரி இருக்கும்" என்றார் ஜோசி. எனக்கு அந்தப் பையின் அடித்தையல் நினைவுக்கு வந்தது.

"மழைக்கால டூர்ணமெண்டு, எல்லார்க்கும் பனி. கணேசன் நாலு களிக்கும் சுக்குக் காப்பி கொண்டு வந்நு. ஒரு துணிச் சஞ்சி, வாயில் அரக்கு சீல். ஞான் சோதிச்சு, எந்தாடா, போஸ்டாபீஸில் நிந்நு மோஷ்டிச்சதா?" காய்ச்சலைத்தான் பனி என்பார்கள். தபாலாபீசில் திருடியதா என்று தான் கேட்டதைச் சொல்லிவிட்டு ஜோசி வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். என்ன செய்வது, வந்துவிட்டது. ஜெயித்தீர்களா என்று கேட்டேன். நாலு ஆட்டத்திலும் தோல்வி. கடைசி ஆட்டத்தில் ஐந்து கோல்.

அப்பாவின் பெயரைப் பணயம் வைத்துப் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு ஐந்து கோல்!

கணேசா, போனில் எனக்குச் சொல்லாதே. போனில் நீ சிரிப்பாய், நானும் சிரித்துவிடுவேன், விஷயம் அப்படியே போய்விடும். இந்தப் பத்திரிகைக்கு எழுது. நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் படிக்கும்படி, உன் பெயர் போட்டு எழுது. எடுத்தது நீயா, இல்லையா? ஆமாம் என்றால் ஒரு வரி போதும். இல்லை என்றால், அப்பா உன்னிடம் கேட்காமல் விட்டதை நான் கேட்கிறேன். ஒரு ஜான் துணியில் கறுப்பு நூலால் தைத்து ஆசிரியருக்கு அனுப்பு. அந்தப் பை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் போடட்டும். படிக்கிறவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.